லைலக்லி பள்ளிவாசலுக்கு வந்த விருந்தாளிகள்

விருந்தாளிகள் வருகிறார்கள் என்று மட்டும் முஹய்யோ சொல்லாமல் இருந்திருக்கலாம். அதிகாரிகள் வருகிறார்கள், அளக்க வருகிறார்கள், சும்மா எட்டிப் பார்க்க வருகிறார்கள், வேறு எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். உஸ்பெக் மஹல்லா, அதாவது பேட்டை ஒன்றிடம் விருந்தாளி என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டு ஊரை விட்டுப் போவதும், அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சந்தைக்குப் போவதும் ஒன்றுதான். அவள் என்ன வெளியூர்க்காரியா? அதே ஊரில் பிறந்து, அதே ஊர் ரொட்டியைத் தின்று வளர்ந்தவள். ஆனால் அன்றைக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரம். ஒரு வருஷம் முட்டி மோதியது பலித்துவிட்ட சந்தோஷம் வேறு. சந்தோஷத்தில் மனுஷருக்குப் புத்தி கொஞ்சம் பின்னால்தான் வரும்.

முஹய்யோ நகரத்தின் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். பாதுகாப்பது என்பது பெயரளவில். எதை இடிக்கப் போகிறார்கள் என்பது அவளுக்கு இடித்த பிறகுதான் தெரியவரும். குராஷ் மல்யுத்தத்தின் பெரிய போட்டி இந்த ஊரில்தான் என்று அறிவித்தார்கள், அன்றிலிருந்து ஊர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. விமான நிலையச் சாலையில் நூறு வருஷத்து முசுக்கொட்டை மரங்களை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் பிளாஸ்டிக் தொட்டிகளில் குட்டைச் செடிகளை வைத்து, "பசுமை விளையாட்டு விழா" என்று பலகை நட்டார்கள். சாலையோரம் பழைய வீடுகள் தெரிந்தால் வெளிநாட்டுக்காரன் கண்ணுக்கு அழுக்காகப் படுமாம். அதனால் செம்புக்காரர் தெருவை முழுசாகத் தரைமட்டமாக்கி, முன்னால் நெட்டைச் சுவர் ஒன்றைக் கட்டிச் சந்தன நிறம் பூசினார்கள்.

போட்டியின் சின்னம் இடுப்பில் மல்யுத்தக் கச்சை கட்டிய நாரை. அதைப் பார்க்கும்போதெல்லாம் முஹய்யோவுக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த ஊர்க் குளங்களை ஒவ்வொன்றாக மூடினார்கள், தவளை போயிற்று, தவளைக்குப் பின்னால் நாரையும் போயிற்று. அவள் பிறப்பதற்கு முன்னாலேயே போய்விட்டது. மிச்சம் இருந்தது லைலக்லி மஹல்லாவின் குளம் ஒன்றுதான். அதன் கரையில் பட்டுப்போன முசுக்கொட்டையின் உச்சியில் நாரைக் கூடு மட்டும் காலியாக இன்னும் இருந்தது. அந்தக் குளத்தைத் தூர்த்து, பக்கத்துப் பள்ளிவாசலையும் இடித்துவிட்டு, மின்சார பஸ்கள் நிற்க இடம் செய்வது என்று முடிவாகியிருந்தது. புகை விடாத பஸ் நிற்பதற்காகக் குளத்தை மூடுகிற யோசனை எந்த மண்டையில் உதித்ததோ, அந்த மண்டைக்குச் சம்பளம் உயர்ந்தது.

பள்ளிவாசல் சின்னதுதான். முன்தாழ்வாரத்தில் ஆறு மரத்தூண்கள். அடியிலிருந்து உச்சிவரை கொடியும் மொட்டுமாகச் செதுக்கிய தூண்கள். இத்தனை வருஷத்தில் அவற்றின்மேல் ஒரு தூரிகை பட்டதில்லை. சுவர் மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசியது. கோடையில் குளத்தின் ஈரத்தைக் குடித்து உள்ளே குளிர்ச்சி தரும், குளிர்காலத்தில் அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். குளத்தில் இறங்க, கால் பட்டுப் பட்டுக் குழிந்த சுண்ணாம்புக்கல் படிகள். ஊரில் வேறு எங்கும் இப்படி மூன்றும் சேர்ந்து, தொடாமல், பூசாமல் மிஞ்சவில்லை. இதைத்தான் அவள் எல்லா அலுவலகத்திலும் தொண்டை கிழியச் சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கென்றே அங்கே ஆட்களை வைத்திருந்தார்கள்.

மஹல்லாவின் தலைவர் ஹோஷிம். ஒரு காலத்தில் குராஷ் வீரர். இரண்டு காதும் நசுங்கிச் சுருண்டு கிடக்கும். இப்போது டயர் கடை. தன் விளையாட்டு தன் ஊருக்கே வருகிறது என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை, அதற்காகத் தன் குளம் போகப்போகிறது என்பதில் தீராத வயிற்றெரிச்சல். இரண்டையும் ஒரே வாயால் பேசுவார். முஹய்யோ அளக்கவோ படமெடுக்கவோ வந்தால், குளக்கரை மரக்கட்டிலில் அவளை உட்காரவைத்துப் பச்சைத் தேநீர் ஊற்றுவார். கைப்பிடியில்லாத கிண்ணத்தில் அடிப்பக்கம் நனைகிற அளவுக்குத்தான் ஊற்றுவார்.

"என்ன அண்ணே, நாக்குகூட நனையலையே" என்று அவள் ஒருநாள் சீண்டினாள்.

"நனைஞ்சா நீ எழுந்து போயிடுவியே தங்கச்சி. கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனாத்தானே உட்காருவே."

"அப்ப நிறைச்சு ஊத்துனா?"

"நிறைச்சு ஊத்துனா, குடிச்சிட்டு நடையக் கட்டுன்னு அர்த்தம். எதுக்குத் தெரியாத மாதிரி கேக்குறே? என் ஆயுசுல ஒரே ஒருத்தனுக்குத்தான் அப்படி ஊத்தியிருக்கேன். என் தங்கச்சியத் தள்ளிவெச்ச பயலுக்கு. அன்னைலேர்ந்து அவன் நிழல்கூட இந்தத் தெருவுல விழல."

இப்படி ஒரு வருஷம் அலைந்த பிறகு, அவளுடைய மனுக்களில் ஏதோ ஒன்று தலைநகரத்தில் யாரோ ஒருவர் கண்ணில் பட்டது. பேராசிரியர் அஸ்லிதீன் தலைமையில் குழு வந்து நேரில் பார்க்கும், பள்ளிவாசலும் குளமும் பழைய நிலையில் மாறாமல் இருந்தால் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவிக்கும், பஸ் நிறுத்தம் பழைய பருத்திக் கிடங்குத் திடலுக்கு மாறும் என்று தகவல் வந்தது. குழுவை அழைத்து வர அவளே தலைநகருக்குப் போக வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை ரயில் நிலையத்திலிருந்து ஹோஷிமுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, திங்கக்கிழம தலைநகரத்துலேர்ந்து விருந்தாளிங்க வர்றாங்க. நம்ம பள்ளிவாசலப் பாக்கத்தான். அவங்க பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டா அப்புறம் யாரும் கைவைக்க முடியாது."

"பள்ளிவாசலப் பாக்கவா? அவ்வளவு பெரிய ஆளுங்களா?"

"ஆமாண்ணே. ரயில் வந்துடுச்சு, வெச்சிடறேன்."

"நீ கவலைப்படாம போயிட்டு வா தங்கச்சி. நாங்க இருக்கோம்."

நாங்க இருக்கோம் என்றதைக் கேட்டு அவள் சந்தோஷமாகத்தான் ரயில் ஏறினாள்.

திங்கட்கிழமை காலை நிலையத்தில் இறங்கியபோது குழுவை வரவேற்கக் கார் வந்திருந்தது. காரோடு எல்முரோதும் வந்திருந்தான். போட்டிக் குழுவில் நகரத்தை அழகாக்கும் பொறுப்பு அவனுக்கு. முப்பது வயசு, சட்டையில் மடிப்பு கலையாது, பக்கத்தில் நின்றால் அத்தர்க் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஒரு வருஷமாக அவளுடைய ஒவ்வொரு மனுவையும் சிரித்த முகத்தோடு வாங்கிக் கிடப்பில் போட்டவன் அவன்தான்.

"அக்கா, நாம ரெண்டு பேரும் எதிரியா என்ன? நல்லது நடந்தா எனக்கும் சந்தோஷம்தானே" என்று அவள் பெட்டியை வாங்கிக்கொண்டான். அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

காரில் அஸ்லிதீன் முன்னால் உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர், அதிகம் பேசாதவர். முஹய்யோ பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். "அந்தத் தூண்ல உளி பட்ட தடம் அப்படியே இருக்கும், ஐயா. விரல வெச்சுப் பாத்தீங்கன்னா தெரியும். யாரும் எதுவும் பூசல. அந்தச் சுவரும் அப்படித்தான், ஒரு கரண்டி சிமெண்ட்கூடப் படல."

"பூசலேன்னா சரி" என்றார் அஸ்லிதீன். "நான் போற எடமெல்லாம் பூசியே கொன்னு வெச்சிருக்காங்க. புதுசாக்கினத நான் பழசுன்னு எழுதறதில்ல."

எல்முரோத் ஜன்னல் வழியாகத் தொட்டிச் செடிகளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

தெருமுனையில் கார் நின்றபோதே நீளக் குழல்களின் முழக்கம் காதைப் பிளந்தது. கல்யாணத்துக்கு ஊதுகிற கர்னாய். பெண்கள் பட்டு உடுத்தி, தட்டில் ரொட்டியும் உப்பும் ஏந்தி நின்றார்கள். ஆண்கள் எல்லோரும் புதுத் தொப்பி. பெரிய இரும்புக் கொப்பரையில் ஆட்டிறைச்சிப் புலாவ் வெந்துகொண்டிருந்தது. ஹோஷிம் கோட்டு போட்டு, அதில் பழைய மெடல்களைக் குத்திக்கொண்டு முன்னால் வந்தார். முஹய்யோ சிரித்தாள். சிரித்தபடியே அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

ஆறு தூண்களும் பளபளவென்று பழுப்பு எனாமலில் மின்னின. உச்சியில் இருந்த மொட்டு வேலைப்பாடு முழுக்கத் தங்க நிறம். பெயிண்ட் தடிப்பாக இறங்கியதில் கொடியும் இலையும் அடைபட்டு, தூண் வழவழவென்று ஆகியிருந்தது. சுவர் சிமெண்டால் பூசி, பிஸ்தா பச்சை அடித்திருந்தது. குளத்துப் படிகளின்மேல் நீல நிற டைல்ஸ். பட்ட முசுக்கொட்டைக்குக்கூட இடுப்பளவு சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அதன் உச்சியிலிருந்த கூட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, கச்சை கட்டிய நாரை பொம்மையை நிறுத்தியிருந்தார்கள்.

"எப்படி?" என்றார் ஹோஷிம். குரலில் அப்படியொரு குழைவு. "வெள்ளிக்கிழம ராத்திரியே கூடிட்டோம். மஹல்லால ஒரு வீடு பாக்கியில்ல, எல்லாரும் வந்து ஹஷார் போட்டாங்க. ஒருத்தனும் கூலி வாங்கல, ஒருத்தனும் தூங்கல. விருந்தாளி வர்ற எடம் இப்படியா கிடக்கறதுன்னு பொம்பளைங்களே சிமெண்ட் சுமந்தாங்க."

முஹய்யோ முதல் தூணிடம் போனாள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"பாத்து, தங்கச்சி. இன்னும் காயல, கையில ஒட்டிக்கும்."

ஒட்டிக்கொண்டது. பழுப்பாகிவிட்ட கையைப் பார்த்தபடி அவள் கேட்டாள். "இவ்வளவு பெயிண்டுக்கும் சிமெண்டுக்கும் எங்க போனீங்க?"

"அதையேன் கேக்குறே. நாமதான் அந்தப் பையனத் தப்பா நெனச்சுட்டோம். ரெண்டு டப்பா பெயிண்ட் கெடைக்குமான்னு போட்டிக் குழு ஆபீஸ்ல கேட்டேன். எல்முரோத் தம்பி ஒரு லாரி நெறைய அனுப்பிட்டாரு. டைல்ஸ், சிமெண்ட், பொம்மை, எல்லாம் அவரு குடுத்ததுதான். நல்ல மனுஷன்."

அவள் திரும்பி எல்முரோதைப் பார்த்தாள். அவன் போனில் தூண்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தூணையும் தனித்தனியாக, நிதானமாக எடுத்தான்.

"தெரிஞ்சேதானே குடுத்தே?" என்றாள்.

"ஜனங்க கேட்டாங்க, குடுத்தேன் அக்கா. அவங்க பள்ளிவாசல், அவங்க ஆசை. வேண்டாம்னு சொல்ல நான் யாரு? நீங்கதானே எப்பவும் சொல்வீங்க, மஹல்லாக்காரங்களக் கேட்டுட்டுச் செய்யுன்னு."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதுதான் அவளை அறைந்தது. இத்தனை வருஷம் பொய்யோடு மல்லுக்கட்டிப் பழகியவளுக்கு, உண்மையை வைத்து அடிக்கிறவனை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை.

அஸ்லிதீன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் ஏறினார். சுவரை விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். டைல்ஸை மிதித்துப் பார்த்தார். பிறகு முஹய்யோவைத் தனியாக அழைத்தார்.

"தூண விடு, பெயிண்ட எப்படியாவது கழுவிடலாம். சுவர என்ன பண்ணுவே? சிமெண்ட உரிச்சா மண்ணும் கூடவே பேந்துக்கிட்டு வரும். படியில டைல்ஸ் பதிக்கக் கல்லையே கொத்திப் பிளந்திருக்காங்க."

"ஒரு மாசம் குடுங்க ஐயா. நான் மீட்டுக் காட்டறேன்."

"எனக்கும் ஆசைதான். ஆனா நான் பாத்ததத்தான் எழுத முடியும். பாத்தது இதுதான்." முழங்காலைத் தடவிக்கொண்டே, "மூணு நாள் முன்னால வந்திருக்கணும்" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு நிதானம் தப்பியது. ரொட்டித் தட்டோடு நின்றவர்கள் முன்னால், கர்னாய்க்காரர்கள் முன்னால், மெடல் குத்திய ஹோஷிமைப் பார்த்துக் கத்திவிட்டாள். "கொன்னுட்டீங்களே அண்ணே. எல்லாம் போச்சு. இந்தப் பெயிண்டாலதான் இப்ப இத இடிக்கப் போறாங்க."

கர்னாய்க்காரர்கள் குழலை இறக்கினார்கள். ஹோஷிம் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கோபமில்லை. புரியவில்லை.

"இடிப்பாங்களா? நல்லா இருக்கறத எதுக்கு இடிப்பாங்க? செம்புக்காரர் தெருவ ஏன் இடிச்சாங்க? பழசா, அழுக்கா இருக்குன்னுதானே இடிச்சாங்க. என் அக்கா வீடு அங்கதான் இருந்துச்சு. சுவருக்கு ஒரு வெள்ள அடிச்சிருந்தா விட்டிருப்பாங்களேன்னு இன்னும் அழறா. அதனாலதானே நாங்க விழுந்து விழுந்து அடிச்சோம்."

"அது பழசுன்னு இடிச்சாங்க. இது பழசா இருந்தா விட்டிருப்பாங்க."

"என்னம்மா பேசறே நீ? பழசுன்னா இடிப்பாங்களா, விடுவாங்களா? ஏதாவது ஒண்ணச் சொல்லு."

அதற்கு ஊரில் யாரிடமும் பதில் இருந்திருக்காது.

"சரி" என்றார் அவர் மெதுவாக. "ஒரு வருஷமா இங்க வர்றே. அளந்தே, படம் எடுத்தே, என் கையால தேத்தண்ணி குடிச்சே. பெயிண்ட் அடிக்காதீங்கன்னு ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாய் வரலியா?"

தலைநகரம் வரை எல்லா அதிகாரிகளுக்கும் அவள் அதைச் சொல்லியிருந்தாள். தூண்களைத் தொடக் கூடாது, சிமெண்ட் ஆகாது, படிகளில் கைவைக்கக் கூடாது என்று ஒவ்வொரு மனுவிலும் எழுதியிருந்தாள். அந்த வார்த்தைகள் போய்ச் சேர வேண்டிய ஒரே ஆள் எதிரே நின்றார். அவரிடம் மட்டும் சொன்னதில்லை. இவர் எதற்கு இதைத் தொடப்போகிறார் என்று இருந்துவிட்டாள்.

ஆனாலும் வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப முடியாது. மரக்கட்டிலில் விரிப்பு விரித்தார்கள். புலாவ் வந்தது. அஸ்லிதீன் தலைநிமிராமல் சாப்பிட்டார். முஹய்யோவுக்கு ஒரு கவளம்கூட இறங்கவில்லை. எல்முரோத் மட்டும் கொழுப்புத் துண்டாகப் பார்த்து எடுத்து, ரசித்துத் தின்றான். "இதுக்கே ஒரு மெடல் குடுக்கலாம், ஹோஷிம் அண்ணே. பஸ் நிறுத்தம் திறக்கிற அன்னைக்கும் உங்க ஆளையே சமைக்கச் சொல்லணும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கைகள் அப்படியே நின்றன. ஹோஷிம் எதிர்த்துப் பேசக் கூடாது. விருந்தாளி, அதுவும் விரிப்பில் உட்கார்ந்திருக்கிற விருந்தாளி. தேநீர்க் கெண்டியை எடுத்தார். ஒரு கிண்ணத்தை எல்முரோத் முன்னால் வைத்து ஊற்றினார். கால்வாசியில் நிறுத்தவில்லை, பாதியில் நிறுத்தவில்லை, விளிம்பு முட்டும்வரை ஊற்றினார். பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். முஹய்யோவுக்கு அந்தத் துக்கத்திலும் மனசுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. இந்த ஒன்றாவது இவனைச் சுடட்டும் என்று நினைத்தாள்.

எல்முரோத் கிண்ணத்தைப் பார்த்தான். அவனும் இந்த ஊர்ப் பிள்ளைதான், அவனுக்குத் தெரியாமல் இல்லை. கிண்ணத்தைச் சாய்த்து, மேலாக இருந்ததைப் புது டைல்ஸின்மேல் கொட்டினான். மிச்சத்தை ஊதி ஊதிக் குடித்தான். "அருமையான தேத்தண்ணி" என்றான். துடைத்த கையை நெஞ்சில் வைத்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, பேராசிரியரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு காருக்கு நடந்தான்.

முஹய்யோ அங்கேயே இருந்தாள். கார் போன பிறகு இவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், பெயிண்டையாவது இன்றைக்கே மண்ணெண்ணெய் வைத்துத் துடைக்கலாமா என்று கேட்க வேண்டும், இன்னொரு மனு எழுதினால் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா என்று கேட்க வேண்டும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள். ஹோஷிம் அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். மெடல்களைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். இன்னொரு கிண்ணத்தை எடுத்து அவள் முன்னால் வைத்து ஊற்றத் தொடங்கினார்.

அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால்வாசி ஆயிற்று. பாதி ஆயிற்று.

"அண்ணே" என்றாள்.

அவர் நிறுத்தவில்லை. விளிம்பில் தேநீர் தளும்பி நின்றபோதுதான் கெண்டியைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, பள்ளிவாசல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கைப்பிடியில்லாத கிண்ணம், கொதிக்கிற தேநீர். தூக்கினால் கையில் சிந்தும். கொட்டிவிட அவளுக்கு மனசு வரவில்லை. பழுப்புப் பெயிண்ட் ஒட்டிய கைகளை விரிப்பில் ஊன்றி, மஹல்லா முழுக்கப் பார்த்திருக்க, தலையைத் தாழ்த்திக் கிண்ணத்தில் வாய் வைத்து உறிஞ்சினாள்.